உலகத்தில் இல்லாத தச்சன்

அன்பு மகள் தர்ஷினிக்கு,

மூன்று நாளைக்கு முன் நீ போனில் சொன்னதற்கு நான் பதிலே சொல்லாமல் வைத்துவிட்டேன் என்று உன் அம்மாவிடம் குறைப்பட்டாயாம். பதில் இருந்தது, போனில் அடங்கவில்லை. உன்னோடு போனில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே "விடுங்கப்பா" என்பாய். காகிதத்தில் குறுக்கே பேச ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன். இதை ஒளித்து வைத்து வாசிக்க வேண்டாம். உன் ஆபீஸ் மேசையில் திறந்தபடியே போட்டு வை. யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும், முக்கியமாக உன்னை வேலைக்கு எடுத்த உன் சேர் வாசிக்கட்டும். வீட்டை விட்டு முதல் தடவை வேலைக்குப் போன பிள்ளைக்கு அப்பன்மார் எழுதுகிற கடிதத்தில் அடங்கி நட, அனுசரித்துப் போ, நடந்ததை மறந்துவிடு என்றெல்லாம் இருக்கும். என்னிடம் அதை எதிர்பார்க்காதே. நான் எதையும் மறக்கவில்லை, மறக்கிற எண்ணமும் இல்லை. இந்த வயதில் இவ்வளவு வன்மம் ஆகாது என்று உன் அம்மா சொல்கிறாள். ஆகாதுதான். ஆனாலும் அது வந்த பிறகு எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்குகிறது.

நீ போனில் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா, அந்தப் படத்துல கதவுகிட்ட நிக்கிற ஆள எடுக்கச் சொல்றாரு சேர். ஆள் இல்லாட்டி இன்னும் அழகா இருக்குமாம்." அந்த ஆள் நான். எடுக்காதே. சொல்ல வந்தது அதுதான், மீதியெல்லாம் ஏன் என்பதற்கு. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கு முன்கதை தெரியாது, அதனால் உனக்குத் தெரிந்ததையும் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

நான் இந்தத் தேயிலைத் தோட்டத்துத் தச்சன். என் பெயர் சொல்லி இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. தோட்டத்தை நடத்துகிற தொரையிலிருந்து தவழுகிற பிள்ளை வரைக்கும் "பாஸ்"தான், தச்சனை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் கதவு, ஜன்னல், கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் உட்காருகிற வாங்கு, செத்தவருக்குப் பெட்டி, எல்லாம் என் கை. நீ ஏ.எல். பரீட்சை முடித்துவிட்டு, டீச்சர் வேலைக்குக் காத்திருக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டு, நம் காம்பரா அறைக்குள் உட்கார்ந்து மூலை வெடித்த ஒரு டேப்லட்டில் படம் போட்டுக்கொண்டிருந்தாய். "என்னா வேல இது" என்று நான் கேட்டேன். "கேம் செய்றவங்களுக்கு அந்த எடம் எப்புடி இருக்கும்னு முன்னுக்கே வரஞ்சி காட்டணும்பா. கான்செப்ட் பெயின்டிங்னு பேரு" என்றாய். எனக்கு விளங்கியது. வீடு கட்டுவதற்கு முன் போடுகிற பிளான் மாதிரி, ஆனால் பனியும் வெயிலும் சேர்த்துப் போட வேண்டும். தச்சன் மகள் பிளான் போடுகிறாள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வம் கூட வந்தது. வெளியே காட்டவில்லை. காட்டியிருக்கலாம்.

உன் முதல் படத்துக்கு நீ எடுத்துக்கொண்டது நம் லயத்தை. காலையில் பனி விலகுகிற நேரம், வரிசையாகப் பத்துக் கதவு, காற்றுக்குத் தகரம் பறக்காமல் மேலே வைத்த கல்லு, தண்ணீர் ஓடுகிற கான் ஓரத்தில் கவிழ்த்த வாளி, பின்னால் தேயிலை மலை. ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாய். "அப்பா, கொஞ்சம் நம்ம கதவுகிட்ட நில்லுங்க. அளவுக்கு ஒரு ஆள் வேணும்." ஆள் நின்றால்தான் பார்க்கிறவருக்கு வீடு எவ்வளவு பெரிது, மலை எவ்வளவு உயரம் என்று பிடிபடும் என்று சொல்லிக் கொடுத்தாய். "குனிஞ்சி நிக்கவா, நிமிந்து நிக்கவா?" என்று கேட்டேன். "நிமிந்தே நில்லுங்க, வெளியதான நிக்கிறீங்க" என்று சிரித்தாய். நின்றேன். படத்தில் பார்த்தால் நிலையின் மேல்கட்டை என் மூக்குக்கு நேராக வந்திருந்தது. அப்படியே இருப்பதை அப்படியே போட்டிருந்தாய். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. மூன்று மாதம் அதில் உட்கார்ந்தாய், கண்ணெல்லாம் சிவந்துபோய் இருந்தது.

பிறகு அதைப் படம் போடுகிறவர்கள் கூடுகிற ஒரு பேஸ்புக் குழுவில் போட்டு, "இது என் முதல் படம், குறை சொல்லுங்கள்" என்று எழுதினாய். குறையை நீதான் கேட்டாய், அதை நான் மறுக்கவில்லை. இப்போது உன் சேராக இருக்கிற அந்த மனிதர் உன் படத்தை எடுத்து, அதன் மேலேயே சிவப்புக் கோடு கோடாகப் போட்டு, எல்லோரும் பார்க்கத் திருப்பிப் போட்டார். எங்கள் தொழிலில் கோடு போட்டால் அறு என்று அர்த்தம். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன், நீ இங்கிலீஷைத் தமிழில் சொன்னாய். தூரத்து மலையும் பக்கத்து மலையும் ஒரே கறுப்பாக இருக்கின்றன, தூரம் போகப்போக மங்க வேண்டும் என்றார். மறுநாள் காலையில் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்தேன், அவர் சொன்னது சரி. வெயில் இடப்பக்கம் இருந்து வருகிறது, வாளியின் நிழலும் இடப்பக்கமே விழுகிறது என்றார். அதுவும் சரி. பனி சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கிறது என்றார். சரிதான். மூன்றையும் நான் ஒப்புக்கொண்டேன் என்பதை அவரும் வாசிக்கட்டும்.

நான்காவது கோடு பத்துக் கதவுக்கும் மேலே, ஒரே இழுப்பாக, லயத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. அதன் பக்கத்தில் எழுதியிருந்ததை நீ வாசிக்கவே மாட்டேன் என்றாய், நான் விடவில்லை. "கதவு ஆளின் மூக்கு வரைக்கும்தான் இருக்கிறது. இது மனிதர் குடியிருக்கிற வீடா, கோழிக்கூடா? இப்படி ஒரு கதவைச் செய்கிற தச்சன் உலகத்தில் இல்லை. முதலில் நிஜமான ஒரு வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வரையவும்." அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். ஒருவன் "குள்ளர் நாடு" என்று எழுதியிருந்தான். எத்தனை பேர் சிரித்தார்கள் என்று நான் எண்ணவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பு முகங்களில் ஒன்றையும் நான் மறக்கமாட்டேன், எல்லாம் ஒரே முகம்தானே.

எனக்கு என்ன ஆயிற்று என்று நீ பார்த்தாய். நான் அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு போய் நம் கதவை அளந்தேன். எனக்குத் தெரிந்த அளவுதான், இருந்தும் அளந்தேன். ஐந்தடி இரண்டு அங்குலம். அந்தக் கதவைச் செய்தவன் நான். பத்தையும் செய்தவன் நான். உலகத்தில் இல்லை என்கிறார், நான் இங்கே டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "டேப்போட ஒரு போட்டோ புடிச்சி அந்த ஆளுக்கு அனுப்பு" என்றேன். நீ மாட்டேன் என்றாய். "வேணாம்பா. பெரிய ஆளு அவரு. அவருகிட்ட வாதாடினா நாளைக்கு எங்கயும் வேல கெடைக்காது." சொல்லிக்கொண்டே டேப்லட்டை எடுத்து, கதவுகளைப் பேனாவால் சுற்றி வளைத்து, மேலே இழுத்தாய். அவ்வளவுதான். நம் லயத்துப் பத்துக் கதவும் தலைக்கு மேலே ஒரு சாண் இடம் விட்டு எழும்பி நின்றன. நான் சாகும்வரை சொல்லாமல் இருந்திருக்க வேண்டியதை இங்கே சொல்கிறேன்: அந்த ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படத்தில் நிற்கிற நான் அப்படியே நடந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அடுத்த நிமிஷம் அது போய்விட்டது. ஒருவன் சிரித்தான் என்பதற்காக நம் வீட்டை இல்லை என்று ஆக்கிவிட்டாயே என்று கோபம் வந்தது. அன்றைக்கே முடிவு செய்தேன், அந்த மனிதருக்கு நம் கதவை நான் காட்டாமல் விடமாட்டேன்.

தெய்வம் அவரை என் வாசலுக்கே கொண்டுவந்தது. தேயிலை மலையில் நடக்கிற ஒரு கேமுக்குப் படம் போடுகிற வேலை அவர்கள் ஸ்டூடியோவுக்குக் கிடைத்தது. கதவை உயர்த்தித் திருத்தி நீ திருப்பிப் போட்ட படத்தைப் பார்த்து, உன்னை வேலைக்கு எடுக்கலாம் என்றும், அதற்கு முன் இடத்தை நேரில் பார்த்துப் போட்டோ எடுக்க ஒரு சனிக்கிழமை காலையில் வருகிறோம் என்றும் எழுதினார். நீ துள்ளினாய். உன் அம்மா முறுக்குச் சுட்டாள். நான் என் பங்குக்கு ஒரு வேலை செய்தேன், அதை உங்கள் இருவருக்கும் சொல்லவில்லை.

நம் லயத்து வழக்கம் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். வேறு ஊரில் வீட்டுக்கு ஆள் வந்தால் "வாங்க" என்பார்கள். இங்கே முதல் சொல் "தலை", இடிக்காமல் குனியுங்கள் என்று அர்த்தம். "தலை, தலை... வாங்க" என்பதுதான் எங்கள் வரவேற்பு. கல்யாணப் பெண்ணை வலது காலை எடுத்து வைத்து வா என்று சொல்வதற்கு முன்னால் "தலை" என்று சொல்லிவிடுவோம். தபால்காரருக்கு, கிராம சேவகருக்கு, ஓட்டுக் கேட்டு வருகிறவருக்கு, யாருக்கும் சொல்வோம். யாரும் யோசித்துச் சொல்வதில்லை, இருமல் மாதிரி தானாக வந்துவிடும். அந்தச் சனிக்கிழமை அந்த ஒரு சொல்லை மட்டும் யாரும் சொல்லக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். பக்கத்துக் காம்பரா செல்லம்மா அக்காவுக்குத்தான் வாய் நிற்காது என்பதால் முன்கூட்டியே போய்ச் சொன்னேன். "இன்னிக்கு மட்டும் தலைன்னு சொல்லிடாத அக்கா." அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன் பாஸ், மண்ட ஒடையுமே. பாவம் இல்லையா?" "பாவந்தான்" என்றேன்.

வேன் மேலே ரோட்டில் நின்றது. உன் சேர் நல்ல உயரம், ஆறடிக்குக் குறையாது, அதைப் பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்தது. மரியாதையான மனிதர், அதையும் சொல்லிவிட வேண்டும். படியிலேயே சப்பாத்தைக் கழற்றினார், "அங்கிள்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவராக வந்து இறங்கியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கேமராவைக் கண்ணில் வைத்தபடியே இஸ்தோப்பில் ஏறினார். செல்லம்மா அக்கா வாயைத் திறந்தாள். நான் பலமாக இருமினேன். "உள்ள வாங்க சேர்" என்றேன், நன்றாகச் சிரித்துக்கொண்டு. நீ கானைத் தாண்டி ஓடி வந்துகொண்டிருந்தாய், சொல்லித் தடுக்க உனக்கு எட்டவில்லை.

தேங்காய் உடைத்த சத்தம். மனிதர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியில் ரத்தம். உன் அம்மா ரத்தம் நிற்கக் கோப்பித் தூளைக் கொண்டு ஓடி வந்து அப்பினாள், நீ தண்ணீர் கொண்டு வந்தாய், கூட வந்த இரண்டு பையன்களும் விழித்துக்கொண்டு நின்றார்கள். எனக்குள் பொங்கலுக்குப் பால் பொங்கிய மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிலையைப் பார்த்தார். "இவ்வளவு பதிவா, தலை இடிக்கிற மாதிரி யார் செய்தது இந்தக் கதவை?" என்று கேட்டார். இதற்காகத்தானே காத்திருந்தேன். "நாந்தான் சேர் செஞ்சேன்" என்றேன். "ஒலகத்துல இல்லாத தச்சன்." முதலில் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வரிசையாக இருந்த பத்துக் கதவையும் பார்த்தார். முகம் மாறியது. "அங்கிள், அது நான் சும்மா..." என்று ஆரம்பித்தார். "டீ குடிங்க சேர், ஆறிடும்" என்றேன்.

வெளியே போகும்போது அவர் தேவைக்கு மேலேயே குனிந்தார். தலையில் கையை வைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, கிட்டத்தட்டத் தவழ்ந்து போனார். இது பார்க்க எனக்கு எவ்வளவு இனிக்க வேண்டும். இனிக்கவில்லை. அந்தக் கதவில் வளைந்த முதுகை நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறேன், இன்னொன்றைப் பார்ப்பதில் என்ன புதுமை. வேனில் ஏறுவதற்கு முன் உன்னிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "சொரி தர்ஷினி, பழைய கதவையே திரும்பப் போடுங்க. சூப்பரா இருக்கு. கேரக்டர் இருக்கு." அடித்தவனுக்கே அடி விழுந்த மாதிரி ஆயிற்று எனக்கு. முதலில் கோழிக்கூடு, இப்போது கேரக்டர். இரண்டு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மண்டை உடைய வேண்டியிருந்தது, உடைந்த பிறகும் அவருக்குக் கதவின் அழகுதான் தெரிந்தது.

வேன் போனதும் நீ என்னிடம் வந்தாய். "தலைன்னு ஏம்பா சொல்லல?" "மறந்துட்டேன்." "பொய் சொல்லாதீங்க. செல்லம்மா அத்தைய நீங்க இருமி அடக்குனத நான் பாத்தேன்." நான் டீக் கோப்பைகளைப் பொறுக்கினேன். நீ மெதுவாகக் கேட்டாய்: "அந்த அடி அவருக்கா குடுத்தீங்க, இல்ல வேற யாருக்கும் குடுக்க வேண்டியதாப்பா?" அன்றைக்கு உன்னை வாயை மூடு என்று சத்தம் போட்டேன். வேலைக்கு உன்னை ரயில் ஏற்றுகிற நேரத்திலும் அந்தச் சண்டை நமக்குள் தீரவில்லை. கேள்வி என்னை விடவில்லை, பதில் இதோ.

நீ நான்காம் வகுப்பு படிக்கும்போது ஒரு காற்று அடித்து லயத்துக் கூரை போனது. கதவெல்லாம் நனைந்து உளுத்துவிட்டன. பத்துக் கதவுக்கும் தோட்டம் புதுப் பலகை கொடுத்தது. நல்ல நீளமான பலகை. பழைய வெள்ளைக்காரத் தொரை காலத்து நிலையைக் கழற்றி, மேலே இரண்டு வரிசைக் கல்லை எடுத்துவிட்டால் நிமிர்ந்து போகிற கதவு போடலாம் என்று எனக்குப் புத்தி வந்தது. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் தொரையிடம் போய்க் கேட்டேன். "எவ்வளவு நாள் கூடப் பிடிக்கும்?" என்றார். "ஒரு கதவுக்கு ஒரு நாள் சேர்" என்றேன். "பழைய அளவுலயே போடுங்க பாஸ். இவ்வளவு காலமும் யாரும் உள்ள போகாமலா இருந்தாங்க?" என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர் சிரித்தார். நானும் சிரித்தேன். தர்ஷினி, நானும் சிரித்தேன். அதுதான் நான் செய்த குற்றம், கதவு அல்ல. வந்து, அந்த நீளமான பலகை ஒவ்வொன்றிலும் மிச்சத்தை அறுத்துத் தள்ளினேன். அந்தத் துண்டை அடுப்பில் வைத்துத்தான் உன் அம்மா அந்த மழை முழுக்கச் சோறாக்கினாள்.

பத்தாம் வகுப்பில் நீ ஒரே வருஷத்தில் வளர்ந்தாய். மழைக்கு ஓடி வந்து, குனிய மறந்து, இடது புருவத்தைக் கிழித்துக்கொண்டாய். நான் உன்னைத் தூக்கவில்லை. "கண்ணு எங்க இருக்கு? வளந்தா பாத்து வளர மாட்டியா?" என்று திட்டினேன். நான் அறுத்துத் தள்ளிய துண்டு உயரத்துக்குத்தான் உன் புருவம் கிழிந்தது என்று எனக்கு அப்போதே தெரியும், தெரிந்ததால்தான் அவ்வளவு சத்தம் போட்டேன். ஆக, உன் சேரின் நெற்றியில் விழுந்த அடி தொரைக்குப் போக வேண்டியது. அதில் பாதி எனக்கு வர வேண்டியது. அவருக்கு உரிய பங்கு சின்னதுதான். அதற்காக அவரிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அவர் பங்கு அவருக்குப் போய்ச் சேர்ந்தது, மற்றவர்களுடையதுதான் பாக்கி நின்றது.

அப்படி இருக்கும்போதுதான் நீ போன் எடுத்துப் பேசினாய். கதவு பழையபடி பதிவாக இருக்கட்டும், ஆள் மட்டும் வேண்டாம் என்கிறார் என்று. தச்சனாகச் சொல்கிறேன், நீ எனக்குச் சொல்லிக் கொடுத்ததையே திருப்பிச் சொல்கிறேன்: ஆள் நின்றால்தான் அளவு தெரியும். ஆளை எடுத்துவிட்டால் அது வெறும் கதவு. பனி, புகை, தேயிலை, சின்னச் சின்னக் கதவு, பார்க்கிறவன் எவ்வளவு அழகு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். நாம் அந்தக் கதவில் எத்தனை தடவை இடித்தோம் என்று யாருக்குத் தெரியும்? அவர் முன்பு சொன்ன மூன்று குறையையும் நீ கேட்டாய், கேட்டது நல்லது, இனிமேலும் கேள். யார் குறை சொன்னாலும் உடனே அழாதே, உடனே திருத்தவும் செய்யாதே. போய் அளந்து பார். அளவு அவர் பக்கம் இருந்தால் வாயை மூடிக்கொண்டு திருத்து. அளவு உன் பக்கம் இருந்தால் பேனாவைக் கீழே வை. என் மகள் ஒரு தடவை பயந்து கதவை உயர்த்தினாள், ஒரு தடவைதான் அதற்கு மன்னிப்பு.

உன் போன் வந்த மறுநாள் காலை நான் கல் பெயர்க்கிற அலவாங்கை எடுத்தேன். உன் அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போயிருந்தாள். நம் நிலையைக் கழற்றி, மேலே கல்லைப் பெயர்த்தேன். அவ்வளவு லேசாக வரும் என்று நினைக்கவில்லை, கோபம் வந்ததுதான் மிச்சம், இதற்கா இத்தனை வருஷம் என்று. எந்த அளவுக்கு உயர்த்துவது? தலவாக்கலை டவுனில் ஒரு நானாவின் அச்சுக் கடையில், சிவப்புக் கோடு போட்ட அந்தப் படத்தைக் கலரில் அச்செடுத்து வைத்திருந்தேன், எப்போதாவது கிழித்து அடுப்பில் போடலாம் என்று. அதைச் சுவரில் ஒட்டி, படத்தில் நிற்கிற என் தலையிலிருந்து கோடு எவ்வளவு மேலே போகிறது என்று கணக்குப் போட்டேன். ஆறடி ஐந்து வந்தது. நியாயமான அளவு. அந்த அளவுக்கே நிலையைச் செய்து நிறுத்தினேன்.

பின்னேரம் கிளாக்கர் வந்தார். தோட்டத்துக் கட்டடத்தில் கல் ஒன்றை நகர்த்தினாலும் கேட்க வருவார்கள். "யாரக் கேட்டு ஒடச்சீங்க பாஸ்?" நான் படத்தை எடுத்து நீட்டினேன். "கொழும்புலேருந்து சேர் ஒருத்தரு கோடு போட்டு அனுப்பியிருக்காரு. அளவு தப்பாம். மனுசங்க குடியிருக்கிற வீடா, கோழிக்கூடான்னு கேட்டு எழுதியிருக்காரு, இங்கிலீசுல இருக்கு, வாசிச்சுப் பாருங்க." அவர் வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். "எந்த சேர் இது?" "பெரிய சேர்." "தொரைக்குத் தெரியுமா?" "நீங்கதான் சொல்லணும், இந்தக் கோட்டோடயே காட்டுங்க" என்றேன். தன் போனில் அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அன்றைக்குச் சிரித்த அதே கிளாக்கர்தான், தொரைதான் இப்போது வேறு ஆள். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். வேலை போகலாம். போனால் போகட்டும், நீ பதறி இங்கே ஓடி வராதே. உன் சேர் போட்ட கோட்டை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன். அவருக்கு நான் செய்கிற பெரிய பழிவாங்கல் அதுதான், அவர் சிரிக்க எழுதியதை நான் உத்தரவாக ஆக்கிவிட்டேன் என்று அவரிடம் சொல்.

நம் வீட்டில் அந்தப் பழைய கதவு இனி இல்லை. அது இருப்பது உன் படத்தில் மட்டும்தான். அதனால்தான் சொல்கிறேன், அதை உயர்த்தவும் கூடாது, ஆளை எடுக்கவும் கூடாது. அவர் கட்டாயப்படுத்தினால், "ஆள் நிற்காத படத்தில் என் பெயர் வேண்டாம்" என்று நீ சொல். நீ சொல்வாய் என்று நினைக்கிறேன். சொல்லாவிட்டால் அதையும் நான் மறக்கமாட்டேன், என்னைப் பற்றி உனக்குத் தெரியும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே செல்லம்மா அக்கா வந்து புதுக் கதவுக்கு முன்னால் நின்றாள். உள்ளே வந்தாள், வெளியே போனாள், மறுபடி உள்ளே வந்தாள். மூன்று தடவையும் குனிந்துகொண்டேதான் வந்தாள், பழக்கம். பிறகு சுவரில் இருந்த படத்தைக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "பாஸ், என் கதவுக்கும் அந்த சேரு கோடு போட்டிருக்காரா?"

"பத்துக்கும் சேத்து ஒரே இழுப்பா போட்டிருக்காரு அக்கா" என்றேன்.

அவள் திரும்பி நடந்தாள். தன் காம்பராவுக்குப் போய், கதவுக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்த சாமிப் படத்தைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இஸ்தோப்பில் வந்து எனக்காகக் காத்து நிற்கிறாள். அலவாங்கை எடுக்க வேண்டும், முடிக்கிறேன்.

இப்படிக்கு,
அளவுக்கு நிற்கிற ஆள்,
உன் அப்பா